எலெக்ட்ரிசிட்டிக்கு ‘சிட்டி’ ரைம் ஆகாது: நீளமான இங்கிலீஷ் வார்த்தைக்கு ரைம் பிடிக்கும் முறை

பணகுடி, வள்ளியூர் பக்கம் சுற்றுகிற காற்றாலையைப் பற்றியோ கூடங்குளத்தைப் பற்றியோ கல்ச்சுரல்ஸுக்கு ஒரு இங்கிலீஷ் ராப் எழுத உட்கார்ந்தால், முதல் வரிக் கடைசியில் ‘எலெக்ட்ரிசிட்டி’ வந்து நிற்கும். அடுத்த வரிக்குச் சட்டென்று கையில் கிடைப்பது ‘சிட்டி’. தாளில் பொருந்துகிறது. பீட்டில் பாடும்போது இடிக்கிறது. ஏன் இடிக்கிறது என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் நம்ம எதுகை

நெல்லை, எல்லை, தொல்லை. மூன்றும் தமிழில் எதுகை. முதலெழுத்து அளவில் ஒத்து, இரண்டாம் எழுத்து ஒன்றாக வந்தால் போதும். இங்கிலீஷ் கணக்கு இதைவிடக் கறார். நெல்லை–எல்லை மட்டும்தான் அங்கே முழு ரைம்: ‘எ’ என்ற உயிரிலிருந்து கடைசிவரை எல்லாம் ஒன்று, அதற்கு முன்னால் உள்ள மெய் மட்டும் வேறு. தொல்லையில் உயிர் ‘ஒ’ ஆகிவிட்டதால் அது கிட்டத்தட்ட ரைம். இன்னொரு வித்தியாசமும் உண்டு. நாம் சீரின் முதலெழுத்திலிருந்து எண்ணுகிறோம். இங்கிலீஷில் வார்த்தைக்குள் எந்த இடத்தில் அழுத்தம் விழுகிறதோ அங்கிருந்து எண்ண வேண்டும்.

படி 1: வார்த்தையை வெட்டுங்கள்

தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்லுங்கள். தாடை எத்தனை தடவை இறங்குகிறதோ அத்தனை சிலபிள். எ–லெக்–ட்ரி–சி–டி: ஐந்து.

படி 2: அழுத்தம் எங்கே?

பிழை வருவது பெரும்பாலும் இங்கேதான். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிப் பழகியவர்கள் நாம். போதாததற்கு, ‘சிட்டி’ என்று டகரத்தை இரட்டித்து எழுதுகிறோம். கனம் தானாகக் கடைசிக்குப் போய்விடுகிறது. இங்கிலீஷில் அந்த இரட்டிப்பு கிடையாது. ‘ட்ரி’யில் ஓங்கி விழுந்து, ‘ஸிடி’யை லேசாகத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அகராதியில் உச்சரிப்புக்குள் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். அதற்கு அடுத்து வரும் சிலபிளில்தான் முதன்மை அழுத்தம். (சில பழைய அகராதிகளில் கோட்டைச் சிலபிளுக்குப் பின்னால் போட்டிருப்பார்கள், முன்பக்கத்துக் குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) கீழே ஒரு கோடு இருந்தால் அது துணை அழுத்தம், ரைமுக்குக் கணக்கில்லை.

அகராதி கையில் இல்லையா? ‘இட்டி’, ‘இக்’, ‘ஷன்’ என்று முடிகிற வார்த்தைகளில், அந்த விகுதிக்கு நேர் முந்தின சிலபிளில்தான் பெரும்பாலும் அழுத்தம் விழும். எலெக்ட்ரிக் என்றால் ‘லெக்’. எலெக்ட்ரிசிட்டி என்றால் ‘ட்ரி’. ஒரே குடும்பத்து வார்த்தைதான், ஆனால் அழுத்தம் இடம் மாறிவிட்டது. ஆகவே ஒன்றுக்குப் பிடித்த ரைம் மற்றதுக்கு உதவாது. பாலிடிக்ஸ், அராபிக் மாதிரி விதியை மீறுகிறவையும் சில உண்டு.

படி 3: வாலை எழுதுங்கள்

அழுத்தம் விழுந்த உயிரிலிருந்து முடிவுவரை உள்ளதுதான் வால். எலெக்ட்ரிசிட்டியின் வால் ‘இஸிடி’, மூன்று சிலபிள். சிட்டியின் வால் ‘இடி’, இரண்டே சிலபிள். எப்படிப் பொருந்தும்? சிட்டிக்கு ஜோடி பிட்டி, விட்டி, கமிட்டி.

இந்த வேலையை நோட்டில் இங்கிலீஷ் எழுத்திலேயே செய்யுங்கள். தமிழெழுத்தில் ‘கேப்’ என்று எழுதினால் தொப்பியா டாக்ஸியா என்றே தெரியாது.

படி 4: முழு ரைம்

வாலுக்கு முன்னால் ஒவ்வொரு மெய்யாக மாட்டிப் பார்ப்பது வழக்கமான முறை. சின்ன வார்த்தைக்கு அது போதும். மூன்று சிலபிள் வாலுக்கு விகுதிக் குடும்பத்தைத் தேடுவதுதான் லாபம். ஒன்லுக் (OneLook) என்ற அகராதித் தேடல் தளத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, பின்னால் வார்த்தையின் கடைசி எழுத்துகளை அடித்தால் அப்படி முடிகிறவை வரிசையாக வரும். பப்ளிசிட்டி, சிம்ப்ளிசிட்டி, டாக்ஸிசிட்டி, ஆதென்டிசிட்டி, எலாஸ்டிசிட்டி, எல்லாமே முழு ரைம்.

இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. எக்ஸென்ட்ரிசிட்டி பட்டியலில் வந்தாலும் எடுக்காதீர்கள். அதிலும் அழுத்தம் ‘ட்ரி’. முன்மெய்யும் ஒன்றாகிவிட்டதால் அதே ஒலியைத் திரும்பச் சொன்ன மாதிரி இருக்கும். சிம்ப்ளிசிட்டி–டூப்ளிசிட்டி ஜோடிக்கும் இதே குறை. இன்னொன்று, எழுத்தை நம்பித் தேடினால் கெப்பாசிட்டியோடு மெகாசிட்டியும் வந்து நிற்கும். கடைசி ஐந்து எழுத்து ஒன்றுதான், ஆனால் கெப்பாசிட்டியில் அழுத்தம் ‘பா’, மெகாசிட்டியில் ‘மெ’.

படி 5: கிட்டத்தட்ட ரைம்

முழு ரைமாகவே அடுக்கினால் நாலாவது வரியிலேயே சலித்துவிடும். அதனால் இதைச் சும்மா ஒப்புக்கு என்று நினைக்க வேண்டாம்.

முதல் வழி, அழுத்தம் உள்ள உயிரை அப்படியே வைத்து அடுத்த மெய்யை மாற்றுவது: எபிலிட்டி, ஃபெசிலிட்டி, ஹ்யுமிடிட்டி. காதுக்கு நெருக்கம் இதில்தான் அதிகம். ஒரே இனத்து மெய்யாக இருந்தால் இன்னும் நல்லது. தமிழில் இரண்டையும் ‘ப’ என்றே எழுதினாலும் இங்கிலீஷில் p, b இரண்டும் வெவ்வேறு ஒலி, ஆனால் உதட்டில் பிறக்கிற ஓரினம், ம–ன மூக்கினம், ஸ–ஃப–ஷ உரசல் இனம்.

இரண்டாவது வழி, மெய்யை வைத்து உயிரை மாற்றுவது: வெலாசிட்டி, கெப்பாசிட்டி, நெசஸிட்டி. நம்ம தொல்லை மாதிரி. சற்று பலவீனம்தான், ஏனென்றால் காது முதலில் பிடிப்பது உயிரை.

மூன்றாவது, ஒரு வார்த்தைக்குப் பல வார்த்தைகளை ஜோடி சேர்ப்பது: ‘மிஸ் எ டீ’. வேகமாகச் சொன்னால் ‘இஸிடி’யின் பக்கத்தில் வந்துவிடும். ‘டீ’யில் அழுத்திவிட்டால் காரியம் கெட்டது, ‘மிஸ்’ஸில் அடித்து மற்றதை விழுங்குங்கள்.

கருவிகள்

ரைம்ஸோன் (RhymeZone) என்ற ரைம் தேடும் தளத்தில் வார்த்தையை அடித்தால் சிலபிள் எண்ணிக்கை வாரியாகப் பிரித்துத் தரும். கிட்டத்தட்ட ரைமுக்குத் தனித் தெரிவு உண்டு. சந்தேகம் வந்தால் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதியைப் பாருங்கள். இலவசம், 1,30,000-க்கும் மேற்பட்ட வார்த்தைகள். ஒவ்வொரு உயிருக்கும் பக்கத்தில் ஒரு எண் இருக்கும்: 1 முதன்மை அழுத்தம், 2 துணை, 0 அழுத்தமில்லை. கடைசியாக வரும் 1-லிருந்து வலது பக்கம் முழுக்க ஒத்தால் முழு ரைம். அது அமெரிக்க உச்சரிப்பு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சரிபார்ப்பு

இரண்டு வரியையும் போனில் பதிவு செய்து, அழுத்தம் வருகிற இடத்தில் மேசையைத் தட்டிக்கொண்டே கேளுங்கள். தட்டுக்குப் பிறகு இரண்டிலும் ஒரே அளவு ஒலி மிஞ்ச வேண்டும். ஒன்றில் இரண்டு சிலபிளும் மற்றதில் ஒன்றும் மிஞ்சினால் திரும்பப் படி 2-க்குப் போங்கள்.

சில வார்த்தைக்கு எவ்வளவு தோண்டினாலும் ஊற்று வராது. ‘எலெக்ட்ரிக்’ அப்படி, ‘மெட்ரிக்’ கூடக் கிட்டத்தட்டதான், நடுவில் ‘க்’ இல்லை. அந்த வார்த்தையை வரியின் நடுவில் தள்ளிவிட்டு, கடைசியில் ‘பவர்’ போடுங்கள். டவர், ஷவர், ஃப்ளவர் என்று தாராளமாகக் கிடைக்கும்.