ரோமா மக்களின் சட்டப் பாதுகாப்பு: படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் என மதிப்பிடப்படும், ஜிப்சிகள் என்றும் அழைக்கப்படும் சிறுபான்மையினரான ரோமா மக்களின் உரிமைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்குவோர் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகின்றனர். ரோமா என்பதற்காக ஒருவரைத் தாழ்வாக நடத்தக் கூடாது என்பது ஒரு விதி. ரோமாவாகவே வாழவும் தம் மொழியையும் வழக்கங்களையும் பேணவும் அரசு துணை நிற்க வேண்டும் என்பது வேறொரு விதி. முன்னது பாகுபாட்டுத் தடை, பின்னது சிறுபான்மையினர் உரிமை. இரண்டின் மூலமும் வலிமையும் வேறு என்பதால், பிரித்துப் பார்க்காதவர் தீர்ப்புகளைத் தவறாகவே விளங்கிக்கொள்வார்.

ஸ்பெயின் நாட்டு முன்யோஸ் தியாஸ் வழக்கைப் பாருங்கள். 1971இல் ரோமா முறைப்படி மணந்துகொண்ட பெண் ஒருவருக்கு, 19 ஆண்டுகளுக்கு மேல் சமூகப் பாதுகாப்புச் சந்தா செலுத்திய கணவர் இறந்த பிறகு, திருமணம் பதிவு செய்யப்படவில்லை என்று சொல்லி விதவை ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. ஸ்ட்ராஸ்பூர்கிலுள்ள மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றம் 2009 டிசம்பர் 8 அன்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இதை ‘ரோமா திருமணத்துக்குச் சட்ட ஏற்பு’ என்று எழுதுவது பிழை. அரசே அவருக்குக் குடும்பப் பதிவேட்டு நூலை வழங்கியிருந்ததும், திருமணம் செல்லும் என்று அவர் நல்லெண்ணத்துடன் நம்பியதும், அத்தகைய நம்பிக்கையோடு வந்த பிறருக்கு ஸ்பெயின் ஓய்வூதியம் தந்திருந்ததுமே அவருக்குக் கைகொடுத்தன. திருமண உரிமை மீறப்பட்டது என்ற முறையீட்டை நீதிமன்றம் விசாரணைக்கே ஏற்கவில்லை. காக்கப்பட்டது ஓய்வூதியமே தவிர மணச்சடங்கு அன்று.

இதற்கு நேர்மாறானது பிரிட்டனின் சாப்மன் வழக்கு. தம் சொந்த நிலத்தில் நடமாடும் வீட்டை நிறுத்தி வாழ அனுமதி மறுக்கப்பட்ட ஜிப்சிப் பெண், அதே ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்தில் 2001 ஜனவரி 18 அன்று 10க்கு 7 என்ற கணக்கில் தோற்றார். ஆனால் ஜிப்சி வாழ்க்கை முறைக்கு வழி செய்யும் கடமை ஓரளவேனும் அரசுக்கு உண்டு என்று அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது. முடிவை மட்டும் படித்து மூடி வைத்துவிட்டால் அந்த வரி கண்ணில் படாது. 2004இல் கானர்ஸ் என்பவர், லீட்ஸ் நகர மன்றம் தம் குடும்பத்தை அவசரமாக வெளியேற்றியதை எதிர்த்து வென்றபோது, நீதிமன்றம் அக்கடமையை மீண்டும் எடுத்துரைத்தது.

பெற்றோரின் கையெழுத்தைச் சம்மதம் என்று கொள்வது இன்னும் ஆழமான தவறு. செக் நாட்டின் ஆஸ்ட்ராவா நகரில், ரோமாப் பிள்ளைகள் 18 பேர் 1996க்கும் 1999க்கும் இடையில், அறிவுத்திறன் குறைந்தோருக்கென நடத்தப்பட்ட சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். பெற்றோர் கையொப்பமிட்டிருந்தனர், திறன் தேர்வும் நடந்திருந்தது. அங்கே ஒரு ரோமாக் குழந்தை அத்தகைய பள்ளிக்கு அனுப்பப்படும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிட 27 மடங்கு அதிகம் என்பது மனுதாரர்கள் திரட்டிய கணக்கு. ஸ்ட்ராஸ்பூர்கில் முதலில் 2006இல் தோற்ற அவ்வழக்கில், 2007 நவம்பர் 13 அன்று அந்நீதிமன்றத்தின் கூடுதல் நீதிபதிகள் கொண்ட பேரமர்வு 13க்கு 4 என்ற கணக்கில் பாகுபாட்டை உறுதி செய்தது. தேர்வுகள் பெரும்பான்மைச் சமூகத்தை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. தாமே கல்வி வாய்ப்புக் குறைந்திருந்த பெற்றோர் விளைவுகளை எடைபோட்டு ஒப்பினர் என்று கொள்வதற்கில்லை. அனைத்துக்கும் மேலாக, இனப் பாகுபாட்டுக்கு ஆளாகாதிருக்கும் உரிமையை யாராலும் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்க முடியாது. தீய நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்றும், புள்ளிவிவரமே வழக்குக்கு அடித்தளம் ஆகலாம் என்றும் இத்தீர்ப்பு தெளிவாக்கியது. இத்துறையில் ஒரே ஒரு தீர்ப்பை முழுதாகப் படிக்க நேரமுள்ளவருக்கு நான் இதையே சொல்வேன்.

லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வேறொன்று என்பதையும் மறக்கக் கூடாது. அது 2000ஆம் ஆண்டின் இனச் சமத்துவ ஆணையைக் கொண்டு பேசுகிறது. பல்கேரியாவின் துப்னித்சா நகரில், பெரும்பாலும் ரோமா மக்கள் வாழும் பகுதியில் மட்டும் மின்நிறுவனம் மின்னளவிகளை ஆறு, ஏழு மீட்டர் உயரத்தில் பொருத்தியிருந்தது. வழக்குத் தொடுத்தவர் அங்கே கடை நடத்திய, ரோமா அல்லாத பெண். ஓர் இனத்தைக் குறிவைத்த நடைமுறையால் உடன் பாதிக்கப்படுவோரும் அப்பாதுகாப்பைக் கோரலாம் என்று 2015 ஜூலை 16 அன்று தீர்ப்பானது.

இந்தியச் சட்ட மரபில் பழகியவர்கள், பட்டியலும் சாதிச் சான்றிதழும் இங்கும் இருக்கும் என்று எண்ணிவிடுவது இயல்பே. 1998இல் நடைமுறைக்கு வந்த தேசிய சிறுபான்மையினர் பாதுகாப்புக்கான சட்டக உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவோ, சிறுபான்மையினராகக் கருதப்படுவதையும் கருதப்படாதிருப்பதையும் அவரவர் தெரிவுக்கே விடுகிறது. பெயர்ப் பட்டியல் என்றாலே ரோமா மக்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு: நாஜி ஆட்சியில் காவல்துறைப் பதிவேடுகளே அவர்களை அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்ப உதவின. 2013இல்கூட, தெற்கு ஸ்வீடனின் ஸ்கோனே காவல்துறை குழந்தைகள் உட்பட நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ரோமா மக்களின் பதிவேட்டை வைத்திருந்தது அம்பலமானது.

அவ்வுடன்படிக்கை ‘தேசிய சிறுபான்மை’ என்பதை வரையறுக்கவில்லை. அதனால் யாருக்குப் பொருந்தும் என்பதைப் பெருமளவுக்கு ஒவ்வோர் அரசும் சொல்கிறது. ஜெர்மனி தன் குடியுரிமை பெற்ற சிந்தி (ரோமாவோடு உறவுடைய இனக்குழு), ரோமா மக்களையே குறிப்பிட்டது. ருமேனியாவிலிருந்து பிழைக்க வந்த ரோமாவுக்கு அங்கே மிஞ்சுவது பாகுபாட்டுத் தடையே. பிரான்ஸ் கையெழுத்தே இடவில்லை.

இறுதியாக, தீர்ப்பு கிடைத்ததும் உரிமை கைக்கு வந்துவிட்டதாக எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். போஸ்னியப் போரை முடித்த 1995 டேட்டன் உடன்பாட்டில் பிறந்த போஸ்னிய அரசியலமைப்பு, குடியரசுத் தலைமைக் குழுவைப் போஸ்னியாக்கர், குரோவாசியர், செர்பியருக்கே ஒதுக்கியது. ரோமாவான தெர்வோ செய்திச்சும் யூதரான யாகோப் பின்சியும் 2009 டிசம்பர் 22 அன்று ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்தில் அதற்கு எதிராக வென்றனர். அதன் பின் 2010, 2014, 2018, 2022 ஆகிய நான்கு பொதுத் தேர்தல்களிலும் அந்தப் பதவிக்கு அவர்களால் போட்டியிட முடியவில்லை.