சாப்பிடாத செல்லப்பிராணிக்குப் பசி மருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளர்க்கும் பூனையோ நாயோ சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கினால் நமக்கும் சோறு இறங்குவதில்லை. அந்தத் தவிப்பில் பசியைத் தூண்ட ஏதாவது மருந்து கிடைக்குமா என்று தேடுகிறோம். அப்படிப்பட்ட மருந்துகள் உண்டு, அவை நன்றாக வேலை செய்பவையும்கூட. ஆனால் சாப்பிடாமை என்பது நோயல்ல, உள்ளே இருக்கும் ஏதோ ஒரு நோயின் அறிகுறி என்பதை மறந்துவிட்டு மருந்தைக் கையில் எடுப்பதே பெரும்பாலான தவறுகளுக்கு வேராக இருக்கிறது.

பல்வலி, கணைய அழற்சி, சிறுநீரகக் கோளாறு, குடலில் சிக்கிய நூல் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். குடல் அடைபட்டிருக்கும் நாய்க்குப் பசியை மூட்டிச் சாப்பிட வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே பரிசோதனைக்கு முன் இம்மருந்துகளைக் கொடுக்கவே கூடாது.

இன்னொரு தவறு, குமட்டலைப் பசியின்மை என்று எண்ணிக்கொள்வது. உங்கள் பூனை தட்டருகே வந்து, முகர்ந்து, உதட்டை இரண்டு மூன்று முறை நக்கி, எச்சிலை விழுங்கி, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறதா? அதற்குப் பசி இருக்கிறது. வயிறு புரட்டுவதால்தான் வாய் வைக்க முடியவில்லை. முதலில் குமட்டலை அடக்க வேண்டும். இந்த நேரத்தில் வாயைப் பிளந்து உணவைத் திணித்தால், அந்த உணவையே அது வெறுத்துவிடும். குணமான பிறகும் அந்த வெறுப்பு நீடிக்கலாம் என்பதால், திணிப்பதை நான் அறவே வேண்டாம் என்பேன்.

"நாளைக்குச் சாப்பிட்டுவிடும்" என்று காத்திருப்பது நாயை விடப் பூனைக்கு ஆபத்தானது. பூனை, குறிப்பாகப் பருமனான பூனை, இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே உடற்கொழுப்பு கல்லீரலில் படிந்து, அதுவே உயிருக்கு உலை வைக்கும் தனி நோயாகிவிடக்கூடும். எனவே ஒரு நாள் முழுவதும் பூனை எதையும் தொடவில்லை என்றாலே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மனிதர்களுக்கான மாத்திரையை நாமே உடைத்துக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் கொடிய தவறு. பூனைகளின் பசியைத் தூண்டக் கொடுக்கும் மிர்டாசபின், மனிதர்களுக்கு மனச்சோர்வு மருந்து. அவர்களுக்கான மாத்திரை பெரும்பாலும் 15 மில்லிகிராமில் தொடங்குகிறது. பூனைக்கு வேண்டியதோ ஏறத்தாழ 2 மில்லிகிராம். அளவு மீறினால் பூனை ஓயாமல் கத்தும், நிலைகொள்ளாமல் அலையும், உடல் நடுங்கும். சிறுநீரகமோ கல்லீரலோ பழுதுபட்டிருந்தால் மருந்து உடலில் நெடுநேரம் தங்கும் என்பதால், மருத்துவர் பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கச் சொல்வார். டிரமடால் போன்ற வலி மருந்து ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் பூனைகளின் பசிக்காக டயஸிபாம் என்ற அமைதியூட்டும் மருந்தைக் கொடுத்தார்கள்; வாய்வழி கொடுத்தபோது சில பூனைகளின் கல்லீரல் திடீரெனச் செயலிழந்து போனது. பழைய குறிப்புகளை நம்பி அதை யாரும் கொடுக்க வேண்டாம்.

பலன் போதவில்லை என்று மிர்டாசபினுடன் மற்றொரு பசி மருந்தான சைப்ரோஹெப்டடினையும் சேர்ப்பது வீண். ஒன்றின் விளைவை மற்றொன்று முறித்துவிடும். நாய்களுக்கென 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கேப்ரோமோரெலின், பசி ஹார்மோனான கிரெலினைப் போல் செயல்படுவது. அது இரத்தச் சர்க்கரையை உயர்த்தக்கூடும் என்பதால் நீரிழிவு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மிர்டாசபின் களிம்பைப் பூனையின் காது மடலின் உட்புறத்தில் தடவும்போது கையுறை அணியாவிட்டால் மருந்து நம் தோல் வழியாகவும் உள்ளே போகும்.

மருந்து கொடுத்ததும் நாலு வாய் தின்றுவிட்டதைப் பார்த்து நிம்மதியடைவதும் தவறுதான். எத்தனை கிராம் வைத்தோம், எத்தனை மிஞ்சியது என்று குறித்து, எடையையும் அடிக்கடி பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளிலும் தேவையான அளவு உள்ளே போகவில்லை என்றால் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல், குழாய் வழி உணவு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கழுத்தில் பொருத்தும் குழாய் பார்க்கத்தான் அச்சமூட்டும். அது இருக்கும்போதே பூனை வாயாலும் சாப்பிடலாம், தானாகப் போதிய அளவு தின்று எடை நிலைத்த பிறகு எடுத்துவிடலாம்.