அரிப்பு போனது, நெருக்கம் திரும்பியது

கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் இனிப்புநீர் (சர்க்கரை நோய்). எனக்குக் கீழே ஓயாத அரிப்பு, தயிர்த்திப்பி போல வெள்ளைப்படுதல், சேரும்போது எரிச்சல். மருந்துக்கடையில் வாங்கிய குளோட்ரிமசோல் (பூஞ்சை மருந்து) போட்டால் அடங்கும், அப்புறம் மறுபடி கிளம்பும். அவருக்கும் நுனித்தோல் சிவந்து அரித்தது.

அரசாங்கக் கிளினிக்கில் பெண் டாக்டரிடம் ஒருவழியாக வாய் திறந்தேன். அவர் முதலில் பார்த்தது என் மாத்திரைப் பட்டையை. அதிலிருந்த எம்பாகிளிஃப்ளோசின் என்ற இனிப்புநீர் மாத்திரை, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுமாம். பூஞ்சைக்கு அது விருந்து. "நீங்களா நிறுத்திடாதீங்கம்மா, இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்ல மருந்து" என்றவர், என் ரிப்போர்ட்டையெல்லாம் பார்த்த பிறகு வேறு மாத்திரைக்கு மாற்றினார். பூஞ்சை மருந்து இருவருக்கும். இனிப்பான பால் தேநீர் தே தாரிக் போய், பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் வந்தது (அதுதான் பெரிய தியாகம்!). எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 9.8லிருந்து 7.1க்கு இறங்கியதும் அரிப்பு நின்றது.

வறட்சி மட்டும் போகவில்லை. நரம்பும் ரத்த ஓட்டமும் மந்தமானால் ஈரம் சுரப்பது குறையும். அதற்குத் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வழுவழுப்பு ஜெல். அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் தடவினால் லேடெக்ஸ் (ரப்பர்) ஆணுறையை நைந்துபோகச் செய்யும், கவனம்.

அவருக்கு விறைப்பும் தளர்ந்திருந்தது. "வயசாச்சுடி" என்று மழுப்பினார். டாக்டரோ ரத்த அழுத்தம், கொழுப்பு, இசிஜி எல்லாம் பார்த்தார்: ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் சிறியவை, அடைப்பு இதயத்தில் தெரியும் முன்பே அங்கே காட்டிவிடுமாம். பிறகுதான் விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரை எழுதினார். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து (நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை போன்றவை) எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியும். இரவுச்சந்தையில் விற்கும் 'ஆண்மை காப்பி' பாக்கெட்டுகளில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும், அவற்றை நானே குப்பையில் போட்டேன்.