சிறைக்குள் தொழில் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறைவாசிகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் புதிதாக வருகிறவர்களிடம் ஆர்வம் நிறைய இருக்கிறது. ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்கிறார்கள். அனுமதிக் கடிதம் இல்லாமல் வாசலில் நிற்பது போன்றவற்றை நான் எழுதப்போவதில்லை. அவை ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும்.

எந்த ஊருக்குப் போவார் என்று கேட்காமல் தொழிலை முடிவு செய்வது

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இந்தத் தவறைப் பார்த்துத்தான். எத்தனை மெஷின் இருக்கிறது, எத்தனை பேர் சேருவார்கள் என்று பார்த்துப் பயிற்சியை ஆரம்பித்துவிடுகிறார்கள். வெளியே போனால் அவர் எங்கே தங்குவார் என்று கேட்பதே இல்லை.

சிறைத் தொழிற்கூடத்தில் ஆர்டர் முடிய வேண்டும். அதனால் ஒருவருக்குக் காலர், இன்னொருவருக்குக் கை என்று வேலையைப் பிரித்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வருடக்கணக்கில் சட்டைக்குக் கை மட்டுமே வைத்தார். தையல் அவ்வளவு சுத்தமாக இருக்கும். விடுதலையாகி, தன் கிராமத்தில் கடன் வாங்கிக் கடை போட்டார். வந்ததெல்லாம் ஜாக்கெட் துணி. “மாஸ்டர், உள்ளே துணி வெட்டினது எப்பவும் வேற ஆளுதானே” என்று போனில் சொன்னார். கடையை மூடிவிட்டுக் கட்டட வேலைக்குப் போனார். கடன் அப்படியே நின்றது.

அதே ஆள் திருப்பூருக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார். பனியன் கம்பெனியில் முழு உடுப்பும் தைக்கத் தெரிய வேண்டியதில்லை. ஓவர்லாக், பிளாட்லாக் மெஷினில் கை வேகமாக ஓடினால் பீஸ் ரேட்டில் சம்பாதிக்கலாம். அங்கே போகிறவருக்கு பவர் மெஷின் பழக வேண்டும். கிராமத்துக்குத் திரும்புகிறவருக்கு அளவெடுப்பது, வெட்டுவது, பள்ளிச் சீருடை, பழைய துணியைப் பிரித்துத் தைப்பது எல்லாம் வேண்டும். இரண்டும் தையல்தான், ஆனால் பாடம் வேறு.

சிலரால் சொந்த ஊருக்கே போக முடியாது. கொலை வழக்கென்றால், செத்தவரின் குடும்பம் அதே தெருவில் இருக்கலாம். கூட்டத்தில் கேட்டால் எல்லாரும் “ஊருக்குத்தான்” என்பார்கள். தனியாகக் கேளுங்கள். பரோலில் போய் வந்தவர் என்றால், அந்தச் சில நாள் யார் வீட்டில் தங்கினார் என்று கேளுங்கள். உண்மையான பதில் அதில் கிடைக்கும்.

விசாரணைக் கைதிக்கு ஆறு மாதக் கோர்ஸ்

நாளைக்கே ஜாமீன் கிடைக்கலாம். சின்னச் சின்னப் பாடங்களாக முடியுங்கள்.

சான்றிதழில் சிறையின் பெயர்

வேண்டாம்.

‘குடும்பத் தொழில்தானே’ என்று வேலை கொடுப்பது

கேட்க நல்லெண்ணம் மாதிரி இருக்கும். ஆனால் முடிவெட்டுவதும் செருப்புத் தைப்பதும் கூட்டுவதும் அதே சாதிக்காரர்களுக்கே போய்ச் சேரும். சிறையில் சாதி பார்த்து வேலை பிரிப்பது அரசியலமைப்புக்கு எதிரானது என்று பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்தது. என்ன கற்க ஆசை என்று அவரையே கேளுங்கள்.

வகுப்புக்கு வராதவரைச் சோம்பேறி என்று நினைப்பது

கடுங்காவல் தண்டனை பெற்றவருக்கும் உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்று 1998-இல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கூலியிலும் பிடித்தங்கள் போக மிச்சம்தான் கைதிக்கு. அதிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வகுப்பில் உட்கார்ந்தால் அன்றைய கூலி போகுமா என்று சிறை அலுவலரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். போகும் என்றால் வகுப்பு நேரத்தை மாற்றுங்கள்.

ஆவணங்களை விடுதலை நாளுக்குத் தள்ளிப்போடுவது

பல வருடம் பயன்படுத்தாத போன் நம்பர் வேறொருவருக்குப் போயிருக்கும். ஆதாரோடு இருப்பது அந்தப் பழைய நம்பர்தான் என்றால் ஓடிபி முன்பின் தெரியாதவருக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு மேல் வரவு செலவு இல்லாத வங்கிக் கணக்கையும் செயலற்றது என்று ஒதுக்கிவிடுவார்கள். அப்புறம் வேலை கிடைத்தாலும் சம்பளம் போட இடமில்லை. ஆதார் மையத்துக்கு நேரில் போய் விரல் ரேகை வைத்தால் நம்பரை மாற்றிக்கொள்ளலாம், வேறு ஆவணம் கேட்கமாட்டார்கள். பரோலில் போகிறவரிடம் புது சிம், ஆதார், வங்கி என்று வரிசையாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.