லெகோ செட் நம்பரை நம்பி ஏமாறாம இருக்க: நான் பண்ணினதும் மத்தவங்க பண்றதுமான தவறுகள்

பழைய லெகோ சேர்க்க ஆரம்பிச்ச புதுசுல செகண்ட் ஹேண்ட்ல ஒரு செட் வாங்கினேன். டப்பா கிடையாது, ரெண்டு ஜிப்லாக் பை நிறைய பீஸு, கூடவே அட்டை கசங்கின ஒரு மேனுவல். பின்பக்க மூலையில பொடி எழுத்துல 4ல ஆரம்பிக்கிற ஏழு இலக்க நம்பர் ஒண்ணு இருந்துச்சு, அதைப் போட்டுத் தேடினா ஒரு செட்டும் வரல. ஆஹா, யாருக்கும் தெரியாத அபூர்வ சரக்கு நம்ம கையில மாட்டிருச்சுன்னு ரெண்டு நாள் தலைகால் புரியாம திரிஞ்சேன். மூணாவது நாள் அட்டையை நீவி விட்டுப் பார்த்தா, முன்பக்கம் மடிப்புக்குள்ள 7744, அதுதான் பெட்டியிலயும் இருக்கிற செட் நம்பர். 2008ல சிட்டி வரிசையில வந்த போலீஸ் ஹெட்குவார்ட்டர்ஸ், ஊரே வாங்கின செட்டு. அந்த ஏழு இலக்கம் மேனுவலோட சொந்த நம்பர், செட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

இதே குடும்பத்துல இன்னொரு கூத்து, பீஸுக்கு அடியில அச்சுல இருக்கிற நம்பர். பழக்கமான 2க்கு 4 பிரிக்கைத் திருப்பிப் பாருங்க, 3001னு இருக்கும். அது அந்த வடிவத்தோட நம்பர், எந்தக் கலர்ல வந்தாலும் அதேதான். சிவப்பு கலருக்கு லெகோவோட கணக்குல 21, ரெண்டையும் சேர்த்து 300121னு எழுதினா சிவப்பு 2க்கு 4. புது பீஸுங்களுக்கு இப்படிச் சேர்த்து எழுதுறதை விட்டுட்டு ஏழு இலக்க நம்பர் ஒண்ணைத் தனியா குடுத்துடறாங்க, அதுல வடிவம் கலர் எதையும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 'லெகோ 3001 செட் விற்பனைக்கு'ன்னு விளம்பரம் பார்த்தா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

சரி, சரியான செட் நம்பரையே பிடிச்சாச்சு. அப்பவும் நிறைய பேர் விழுற குழி, நம்பர் பெருசா இருந்தா செட் புதுசுன்னு நினைக்கிறது. பக்கத்துல பக்கத்துல வெச்சுத் தெருவாக்குற கட்டடங்களான மாடுலர் பில்டிங் வரிசையை எடுத்துக்கோங்க. கஃபே கார்னர் 10182, மார்க்கெட் ஸ்ட்ரீட் 10190, ரெண்டும் 2007. அடுத்த வருஷம் 2008ல வந்த கிரீன் க்ரோசர் நம்பர் 10185. பின்னாடி வந்ததுக்கு முன்னாடி நம்பர். நம்பரை எப்பவோ ஒதுக்கி வைப்பாங்க, பெட்டி கடைக்கு வர்ற நேரம் வேற, ரெண்டையும் முடிச்சுப் போடாதீங்க.

'அஞ்சு இலக்கம்னா 2013க்கு அப்புறம்'ங்கிற கணக்கும் பாதிதான் சரி. 2013ல பெரிய மாத்தம் நடந்தது நெஜம். அந்த வருஷம்தான் சிட்டி 60000ல இருந்தும் டெக்னிக் 42000ல இருந்தும் ஸ்டார் வார்ஸ் 75000ல இருந்தும் ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி நாலு இலக்கத்துல ஒரே நெரிசல். 7140 ஸ்டார் வார்ஸ் எக்ஸ்-விங், 7744 போலீஸ் ஹெட்குவார்ட்டர்ஸ், 7965 மிலேனியம் ஃபால்கன், எல்லாம் அதே ஏழாயிரத்துக்குள்ள. 1000ல இருந்து 9999 வரைக்கும் மொத்தமே ஒன்பதாயிரம் நம்பர்தான், வருஷா வருஷம் செட்டா இறக்கிக்கிட்டே இருந்தா எடம் எங்க இருந்து வரும்? ஆனா அஞ்சு இலக்கம் அன்னைக்குத்தான் பொறந்துச்சுன்னு சொல்லிட முடியாது. 2001லயே 10000ன்னு ஒரு செட் வந்திருக்கு, கார்டட் இன். அதுவும் புது டிசைன் இல்ல, 1986ல 6067னு வந்த சத்திரத்தைத் திரும்பப் போட்டது.

முதல் ரெண்டு இலக்கத்தைப் பார்த்தே தீம், அதாவது எந்த வரிசை செட்டுன்னு சொல்லிடுவேன்னு சவால் விடுற ஆளுங்க இருக்காங்க. நானும் விட்டிருக்கேன், தோத்திருக்கேன். 75ன்னா ஸ்டார் வார்ஸ்னு அடிச்சுச் சொன்னேன், 75954ஐ நீட்டினாங்க, ஹாரி பாட்டர் கிரேட் ஹால். ஸ்பீட் சாம்பியன்ஸ் காருங்க கூட 2015ல 75 வரிசையிலதான் இருந்துச்சு, 2020ல 76895ல இருந்து அடுத்த தெருவுக்குக் குடிபோயிடுச்சு. 10ல ஆரம்பிச்சா பெரியவங்களுக்கான காஸ்ட்லி செட்னு நினைச்சீங்கன்னா, குழந்தைங்க கொட்டிக் கவுக்கிற 10698 கிளாசிக் டப்பாவும் 10தான், 2013க்கு அப்புறம் வந்த டூப்லோவும் 10தான். ரசிகர்கள் அனுப்புற டிசைனை செட்டாக்குற ஐடியாஸ் வரிசையோட கதை இதைவிட வேடிக்கை, குசூன்னு பேர் இருந்த காலத்துல 21100ல ஆரம்பிச்சாங்க, அதுல 21102ஆ வந்த மைன்கிராஃப்ட் சக்கைப்போடு போட்டுத் தனி தீமாவே வளர்ந்து அந்த வரிசையை அப்படியே வளைச்சுக்கிச்சு, வீட்டுக்காரங்களான ஐடியாஸ் 21110 வரைக்கும் போயிட்டு 2015ல 21301க்குத் தாவிட்டாங்க.

இப்ப அசல் தலைவலிக்கு வருவோம். ஒரே செட்டுக்கு ரெண்டு நம்பர், ஒரே நம்பருக்கு ரெண்டு செட்டு. 1978ல ஐரோப்பாவுல வந்த மஞ்சக் கோட்டை இருக்கே, சுவர் முழுக்க மஞ்சளா, பாலம் ஏறி இறங்கும், அதோட நம்பர் 375. அதே கோட்டை 1981ல அமெரிக்கா போனப்ப பெட்டியில 6075. இது வரைக்கும் பரவாயில்ல. 1992ல அந்த 6075ஐயே எடுத்து வுல்ஃப்பேக் டவர்ங்கிற சின்னக் கோபுரத்துக்குக் குடுத்துட்டாங்க. ஒருத்தர் '6075 இருக்கு'ன்னு மெசேஜ் போட்டா அது சேகரிக்கிறவங்க கண்ணுல ஒத்திக்கிற கோட்டையா இல்ல ஓநாய்க் கொடி பறக்கிற கோபுரமான்னு போட்டோ இல்லாம சொல்லவே முடியாது, விலையில மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இந்தக் குழப்பத்துக்காகத்தான் பிரிக்லிங்க், பிரிக்செட் மாதிரி ஆன்லைன் பட்டியல்கள்ல நம்பருக்குப் பின்னாடி -1, -2ன்னு வால் ஒட்டியிருப்பாங்க. அது லெகோ குடுத்தது இல்ல, சேகரிக்கிறவங்க ஏற்பாடு, பெட்டியில தேடாதீங்க. ஆனா தேடும்போது வாலைக் கழட்டி விட்டுடாதீங்க.

நம்பர் மாறாம பேர் மட்டும் மாறினதும் உண்டு. பிரபல கட்டடங்களைக் குட்டியாக்குற ஆர்க்கிடெக்சர் வரிசையோட 21000, 2008ல சியர்ஸ் டவர். சிகாகோவுல அந்தக் கட்டடத்துக்கே 2009ல வில்லிஸ் டவர்னு பேர் வெச்சுட்டாங்க, 2011ல பெட்டியிலயும் பேரை மாத்தினாங்க, 21000 அப்படியே நின்னுடுச்சு.

காசு போற தவறு ஒண்ணு இருக்கு, அது மறுபதிப்பு. தாஜ்மஹால் 2008ல 10189னு வந்துச்சு, 5,922 பீஸ். நிறுத்தினதும் பழைய மார்க்கெட்ல விலை ராக்கெட் மாதிரி ஏறிச்சு. 2017ல அதையே 10256ன்னு திரும்ப விட்டாங்க, 5,923 பீஸ், ஆமா ஒண்ணே ஒண்ணுதான் கூட. கட்டி முடிச்சு ஷோகேஸ்ல வெச்சா எது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. சீல் பிரிக்காத டப்பாவா சேர்க்கிறவருக்கு 10189 வேணும்னா அது அவர் ஆசை, கட்டி வைக்கிறதுக்கு வாங்குறவங்க அந்த நம்பருக்காக எக்ஸ்ட்ரா குடுக்கிறது எனக்கு வீண் செலவாத்தான் படுது. தாஜ்மஹால்னு மட்டும் தேடினா 2021ல வந்த 21056ம் கூட வந்து நிக்கும், அது ஆர்க்கிடெக்சர்ல வந்த குட்டி, 2,022 பீஸ், பெருசோட விலையைச் சொல்லி அதைத் தலையில கட்டப் பார்ப்பாங்க, ஜாக்கிரதை. ஸ்டார் வார்ஸ் டெத் ஸ்டார்லயும் இதே விளையாட்டுதான், 2008ல 10188, 2016ல 75159, உள்ள மினிஃபிகர்ங்கிற குட்டி பொம்மை ஆளுங்களும் சில்லறை விஷயங்களும்தான் மாறியிருக்கு.

கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் தேடுறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். 1979ல வந்த அந்த நீல விண்கலம் அமெரிக்காவுல 497, ஐரோப்பாவுல 928, ரெண்டும் ஒரே கலம்தான், 497 வெச்சிருக்கிறவர் 928ம் வேணும்னு அலைய வேண்டாம். 2022ல லெகோவோட 90வது வருஷத்துக்கு அதையே பெருசாக்கி விட்டப்ப, பழைய நம்பருக்கு முன்னாடி 10ஐச் சேர்த்து 10497னு வெச்சாங்க. எனக்குத் தெரிஞ்சு நம்பருக்குள்ள வேணும்னே அர்த்தம் வெச்ச அழகான எடம் அது. ஆனா '497 ஒரிஜினல்'னு பாதி நம்பர் மட்டும் தெரியுற மாதிரி போட்டோ வந்தா பீஸ் எத்தனைன்னு முதல்ல கேளுங்க. பழசுல 338, புதுசுல 1,254.