மதிலோடு திரும்பிவிடாதீர்கள்: எக்மோர்த் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை நெருங்கினால் ரீயூனியனில் நம் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேச்சு மெத்ரோபோல், அதாவது ஐரோப்பாவிலுள்ள பிரான்சுக்குப் போகும் பயணத்தைப் பற்றித்தான். லியோனில் படிக்கும் மகன், பாரிசில் வேலை பார்க்கும் தங்கை, மார்செய்யில் வாழ்க்கைப்பட்ட அக்கா மகள் என்று யாராவது ஒருவர் அங்கே இருப்பார். உறவுகளைப் பார்த்த கையோடு தெற்கே இறங்கி, ஒரு பழைய கோட்டை ஊரையும் ஒரு கடற்கரையையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் ஊர் தென் பிரான்சின் எக்மோர்த். ஆனால் போய்வந்தவர்களில் பலர், “மதில் நன்றாக இருந்தது, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது” என்கிறார்கள். அந்த ஊரை உருவாக்கிய தண்ணீரையும் உப்பையும் பார்க்காமல் மதிலை மட்டும் பார்த்தால் அப்படித்தான் முடியும்.

முதலில், மதிலடியில் கடல் இருக்கும் என்று எண்ணிப் போவது. படங்களில் தெரியும் நீர்ப்பரப்பைக் கடல் என்று நினைத்துக் குளிக்கும் உடையோடு போய் இறங்குகிறார்கள். கடல் அங்கிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி, லெ க்ரோ-து-ருவாவில் இருக்கிறது. “அந்தக் காலத்தில் கடல் மதிலைத் தொட்டது, பிறகு பின்வாங்கிவிட்டது” என்று வழியில் யாராவது சொல்வார்கள்; அதுவும் சரியில்லை. இந்த ஊர் எந்தக் காலத்திலும் திறந்த கடலோரத்தில் இருந்ததில்லை. புனித லூயி எனப்படும் ஒன்பதாம் லூயி மன்னருக்கு மத்தியதரைக் கடலில் ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. மார்செய் அவர் கையில் இல்லை. மோன்பெலியே அரகோன் மன்னருடையது. மிச்சமிருந்தது காயலும் சதுப்பும் நிறைந்த இந்த மூலைதான். துறவிகளிடமிருந்து நிலத்தைப் பெற்று, காயல்களையும் கால்வாய்களையும் வழியாக்கி இங்கே ஒரு துறையை அமைத்தார். 1248 ஆகஸ்ட் 25 அன்று சிலுவைப் போருக்கு இங்கிருந்துதான் புறப்பட்டார். 1270-இல் மறுபடியும் புறப்பட்டவர் தூனிசில் இறந்துபோனார். நாம் வியந்து படமெடுக்கும் மதில் அவருடைய மகன் மூன்றாம் பிலிப் காலத்தில், 1272-இல்தான் தொடங்கியது. சதுக்கத்தில் சிலையாக நிற்கும் புனித லூயி இந்த மதிலைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவர் காலத்தில் எழுந்தது மூலையில் தனியாக நிற்கும் கோன்ஸ்தான்ஸ் கோபுரம் மட்டுமே. 1481-இல் மார்செய் பிரெஞ்சு அரசுக்கு வந்ததும் இந்தத் துறைமுகத்துக்கு மவுசு போயிற்று. மண்ணும் தூர்ந்தது. இடித்துப் பெரிதாகக் கட்ட யாருக்கும் அவசியம் வராததால்தான் மதில் இவ்வளவு முழுமையாகப் பிழைத்து நிற்கிறது.

அடுத்தது காலம் பார்க்காமல் போவது. நம் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை இங்கே குளிர்காலம். அங்கே உச்சக் கோடை. சிலாவோஸ் மலைக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரோடு விமானம் ஏறி, நிழலே இல்லாத சமவெளி வெயிலில் போய் நிற்கிறோம். மெத்ரோபோல் முழுவதும் அப்போதுதான் விடுமுறையில் இருக்கிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். வெளியூர்க் கார்களை மதிலுக்கு வெளியேதான் நிறுத்த வேண்டும். அந்த இடங்கள் காலையிலேயே நிரம்பிவிடும். நீம் நகரிலிருந்து ரயில் இருக்கிறது, முக்கால் மணி நேரம் போல ஆகும். அதே தடம் கடற்கரை வரை போகிறது. கார் வாடகைக்கு எடுக்காதவர்கள் ஊரையும் கடலையும் அதிலேயே பார்த்துவிடலாம். பதினொரு மணி நேரம் பறந்து பாரிசில் இறங்கிய அன்றே தெற்கே ஓடுவது வேண்டாம். பிள்ளைகள் வண்டியில் தூங்கி, ஊரில் அழுவார்கள்.

நம் டிசம்பர், ஜனவரி நீண்ட விடுமுறையை யாரும் இந்த ஊருக்கென்று யோசிப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. உப்பளத்தைச் சுற்றிக்காட்டும் சிறு ரயில் அப்போது ஓடாது, கடலில் குளிக்கவும் முடியாது என்பது உண்மைதான். ஆனால் பூநாரைகள் கூட்டம் கூட்டமாகக் கழுத்தை நீட்டித் தலையை ஆட்டி, சிறகை விரித்து இணை தேடும் காலம் அதுதான், மார்ச் வரை நீளும். சேந்த்-மரி-த-லா-மேர் என்ற கடலோர ஊருக்குச் சற்று முன்னால் இருக்கும் போன்-த-கோ பறவைப் பூங்காவில் அவற்றை மிக அருகில் பார்க்கலாம். கோடையில் ஆயிரம் பேருக்கு நடுவே பார்ப்பதைவிட, குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு அந்த ஒரு காலைப்பொழுதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது மேல்.

மதில்மேல் நடை சுமார் 1,600 மீட்டர், ஊரை முழுச் சுற்றாகச் சுற்றி வரும். அதை நண்பகலில் தொடங்காதீர்கள். மேலே மர நிழல் கிடையாது. ஏறவும் இறங்கவும் படிகள்தான், குழந்தையைத் தள்ளிப்போகும் வண்டி உதவாது. காலையில் திறந்ததும் போங்கள், அல்லது மூடும் நேரத்தை விசாரித்துக்கொண்டு மாலையில் போங்கள். கடைசி நுழைவு அதற்கு முன்பே முடிந்துவிடும். ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களில் திறக்கவே மாட்டார்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்து இளைஞர்களுக்கு 25 வயது வரை இல்லை. நம் தீவுப் பிள்ளைகளும் அதில் சேர்த்தி, அடையாள அட்டையை மட்டும் மறக்காமல் கொண்டுபோக வேண்டும்.

கோபுரத்தில் எல்லோரும் மொட்டைமாடிக் காட்சிக்காக விரைந்து ஏறிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் மேல்தளக் கூடத்தில் நில்லுங்கள். 1685-இல் பதினான்காம் லூயி சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் உரிமைகளைப் பறித்த பின், மதம் மாற மறுத்த பெண்களை இந்தக் கூடத்தில்தான் அடைத்து வைத்தார்கள். மரி துய்ரான் 1730-இல், இருபது வயதுகூட நிரம்பாத பெண்ணாக உள்ளே வந்தார். என் நம்பிக்கையை விட்டுவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும். அவர் சொல்லவில்லை. 1768-இல் வெளியே வந்தபோது 38 ஆண்டுகள் போயிருந்தன. அடிபணியாதே என்று பொருள்படும் ஒரு சொல் அங்கே கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அவர் செதுக்கியது என்பதே வழிவழியாகச் சொல்லப்படுவது. பெண் பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டி ஓடக் கூடாது என்பது என் கட்சி.

தெற்கு மதிலுக்கு வந்ததும் இளஞ்சிவப்பாக ஒரு பரப்பு தெரியும், அதற்கப்பால் வெண்குன்றுகள். உப்பளம். அங்கிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவதுதான் இந்தப் பயணத்தின் ஆகப் பெரிய தவறு. கோன்ஸ்தான்ஸ் கோபுரம் எழுவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இங்கே உப்பு விளைகிறது, இன்றும் விளைகிறது. மரக்காணத்திலோ வேதாரண்யத்திலோ உப்பளம் பார்த்தவர்களுக்கு வேலை புரிந்துவிடும்: வசந்தத்தில் கடல்நீரை உள்ளே விட்டு, பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலும் காற்றும் குடித்தது போக லிட்டருக்கு 260 கிராம் அளவுக்கு உப்பு ஏறும்வரை காத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் இறுதியிலிருந்து அறுவடை. அந்தச் சிவப்பு ஒரு நுண்பாசியின் நிறம். உவர்ப்பு ஏற ஏற அது சிவக்கும். அதைத் தின்னும் சிறு உப்பு இறால், இறாலைத் தின்னும் பூநாரை என்று நிறம் மேலே ஏறிக்கொண்டே போகிறது. அதனால் ஏப்ரலில் போய் “படத்தில் பார்த்த சிவப்பு இல்லையே” என்று நொந்துகொள்ளக் கூடாது. நல்ல வெயில் காய்ந்த பிறகே நிறம் கூடும். பாத்தியில் இறங்கிக் குளிப்பதும், ட்ரோன் விட்டுப் பறவைகளைக் கலைப்பதும் கூடாது. அது ஒரு நிறுவனம் இயங்கும் இடம். சிறு ரயிலிலோ சைக்கிளிலோ அவர்கள் காட்டும் வழியில்தான் போக வேண்டும்.

அந்த வெண்குன்றின் மேல் நிற்கும்போது ஒரு செய்தி மனதில் இருக்கட்டும். 1893 ஆகஸ்ட் 17 அன்று இதே உப்பளத்தில் கூலி வேலைக்கு வந்திருந்த இத்தாலியத் தொழிலாளர்களை ஒரு கும்பல் துரத்தித் துரத்தி அடித்தது. அதிகாரபூர்வக் கணக்கிலேயே எட்டுப் பேர் இறந்தார்கள். வழக்கு அங்குலேம் நகரில் நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் விடுதலையானார்கள். சிலுவைப் போர்க் கதைகளைச் சொல்லும் வழிகாட்டிகள் பலர் இதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நிறைந்த தீவு நம்முடையது. நாமே இதைக் கேட்காமல் வந்தால் வேறு யார் கேட்பார்கள்? வழிகாட்டியிடம் கேளுங்கள், கேட்டால் சொல்வார்கள். இந்தச் சதுப்பு வட்டாரமான கமார்க்கின் அரிசியும் இப்படித்தான். இரண்டாம் உலகப் போருக்காக இந்தோசீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சுமார் 20,000 தொழிலாளர்களில் சிலரை இந்த வயல்களுக்கு அனுப்பினார்கள். அந்த வட்டாரத்தில் நெல் மறுபடியும் தலைதூக்கியதில் அவர்கள் உழைப்பு இருக்கிறது.

இனிக் கடல். ரீயூனியனில் நாம் எர்மித்தாஜ் லாகூனில் குளித்துப் பழகியவர்கள்; பவளத்திட்டு அலையைத் தடுக்கும், அதற்கப்பால் சுறா பயம். அந்தப் பழக்கத்தை அப்படியே லெ க்ரோ-து-ருவாவை அடுத்த எஸ்பிகெத் கடற்கரைக்குக் கொண்டுபோவது ஆபத்து. சுறாவை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் திட்டும் கிடையாது. வடக்கிலிருந்து வரும் மிஸ்த்ரால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் தண்ணீர் அமைதியாக, கண்ணாடியாகத் தெரியும், அதுவே ஏமாற்று. காற்றடைத்த மிதவையில் உட்கார்ந்த குழந்தையை அது சில நிமிடங்களில் உள்ளே தள்ளிவிடும். மிஸ்த்ரால் நாளில் மிதவையை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். மேல் தண்ணீரைக் காற்று தள்ளிக்கொண்டு போவதால் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். முந்தின நாள் இதமாக இருந்த கடல் மறுநாள் நடுக்கும். காவலர் இருக்கும் பகுதியில், கொடி பார்த்துக் குளிக்க வேண்டும்.

எஸ்பிகெத்தில் இன்னொன்று: வண்டியை நிறுத்திவிட்டு மணல்மேடுகளைத் தாண்டி நெடுந்தூரம் நடக்க வேண்டும். தண்ணீரும் குடையும் செருப்பும் இல்லாமல் பாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிப்போவது பாவம். 1869-இல் கட்டிய கலங்கரை விளக்கம் அப்போது கரைக்குப் பக்கத்தில் இருந்தது. மணல் சேர்ந்து சேர்ந்து இன்று அரைக் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளி நிற்கிறது. கரையின் ஒரு பகுதி ஆடையின்றிக் குளிப்பவர்களுக்கானது. பலகையைப் பார்க்காமல் நடந்தால் குடும்பத்தோடு போய் அங்கே நிற்க நேரிடும். பெரியவர்கள் உடன் இருந்தால் லெ க்ரோ-து-ருவா ஊர்க் கடற்கரையே போதும். மீன்பிடி படகுகள் கால்வாய் வழியே திரும்புவதையும் அங்கே பார்க்கலாம்.

சாப்பாட்டில் நம்மவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மாட்டிறைச்சி தொடாத வீடுகள் நம்மிடம் நிறைய. அந்த ஊரின் பெருமைக்குரிய கார்தியான் என்ற குழம்பு காளை இறைச்சியில் செய்வது. கமார்க் அரிசிச் சோற்றோடு வரும், பார்க்க நம் காரி போலவே இருக்கும். உணவுப் பட்டியலில் “தோரோ” என்று இருந்தால் காளை என்று அறிந்துகொள்ளுங்கள். மீன் சாப்பிடுபவர்களுக்குத் தெலின் என்ற சின்னஞ்சிறு மட்டி இருக்கிறது. கரேம் விரதம் இருக்கும் நாட்களில் போகிறவர்கள் சமையலறை உள்ள தங்குமிடமாகப் பார்த்து எடுப்பது நல்லது. ஆரஞ்சுப் பூ மணக்கும் ஃபுகாஸ் ரொட்டியை ஆளுக்கொரு துண்டு வாங்கலாம். அதில் முட்டையும் வெண்ணெயும் உண்டு.

சதுப்பு நிலம் என்பதால் மாலையில் கொசு மொய்க்கும். கொசு நமக்குப் புதிதில்லை என்று அசட்டையாக இருக்க வேண்டாம். 2025-இல் நம் தீவில் சிக்குன்குனியா பெரிதாகப் பரவியது. அதே கோடையில் தென் பிரான்சிலும் உள்ளூரிலேயே தொற்றிக்கொண்டவர்கள் இருந்தார்கள். அங்கேயும் புலிக்கொசு குடியேறிவிட்டது. கிளம்பும் சமயத்திலோ போன பிறகோ காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தால் மருத்துவரைப் பார்த்து, ரீயூனியனிலிருந்து வந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, சேந்த்-மரி-த-லா-மேர். கோயிலின் நிலவறையில் கரிய முகத்துடன் நிற்கும் புனித சாராவுக்குப் பக்தர்கள் அடுக்கடுக்காக ஆடை சாத்தியிருப்பார்கள். மெழுகுவர்த்திச் சூட்டில் அந்த அறையே தகிக்கும். மே 24 அன்று ரோமா மக்கள் அவளைத் தோளில் சுமந்து கடலுக்குள் இறங்குவார்கள். மறுநாள், ஊரின் பெயரிலேயே இருக்கும் இரண்டு மரியாள்களின் ஊர்வலம். புதுச்சேரியில் மாசிமகத் தீர்த்தவாரி பார்த்த கண்ணுக்கு உடல் சிலிர்க்கும். அதற்காக அவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்; நம் தீமிதியில் குண்டத்தருகே யாராவது அப்படிச் செய்தால் நமக்கு எப்படி இருக்கும்? அந்த இரண்டு நாட்களில் தங்க இடமும் வண்டி நிறுத்த இடமும் கிடைப்பது அரிது, வெகு முன்னதாகவே ஏற்பாடு செய்ய வேண்டும். எக்மோர்த்திலிருந்து வருகிறவர்கள் சின்ன ரோன் ஆற்றைச் சோவாஜ் படகுத்துறையில் கடக்கலாம். கார்களையும் ஏற்றிக்கொள்ளும், கட்டணம் இல்லை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை மட்டும் போகும்போதே கரையிலுள்ள பலகையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.