சால்டர் இணைப்பு நிலைத்து நிற்க

சர்க்யூட் போர்டில் இணைப்பு விட்டுப்போனால் பலரும் முதலில், சால்டர் பேஸ்ட்டை (சால்டர் பொடி கலந்த பசை) உருக்கிப் பாகங்களை ஒட்டும் ரீஃப்ளோ அடுப்பைத்தான் குறை சொல்வார்கள். பேஸ்ட் டப்பாவிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

சால்டர் பேஸ்ட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள். மூடியபடியே சுமார் 4 மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரட்டும். சில்லென்று இருக்கும்போதே திறந்தால் காற்றின் ஈரம் பேஸ்ட்டில் படியும். அடுப்பில் அது ஆவியாகித் தெறித்து, சிப் ஓரங்களில் பொடிப்பொடி உருண்டைகளாக ஒட்டிக்கொள்ளும். அவசரமென்று ஹீட்டர் மேல் வைக்கவே வேண்டாம்.

ஐ.சி. சிப்புக்கும் ஈரம்தான் எதிரி. எம்.எஸ்.எல். (ஈரத்தால் கெடும் தன்மையின் அளவு) 3 என்று குறித்த பாகத்தை, 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்துக்கு மிகாத அறையில், உறை பிரித்த 168 மணி நேரத்துக்குள் பொருத்திவிட வேண்டும். தாண்டிவிட்டால், முதலில் சூடாக்கி ஈரத்தைப் போக்காமல் (bake) ரீஃப்ளோ அடுப்பில் ஏற்றாதீர்கள். உள்ளே அடைபட்ட நீராவி ஐ.சி.யையே பிளந்துவிடும்.

எஸ்.ஏ.சி. 305 என்ற ஈயமில்லா சால்டர் சுமார் 217 டிகிரியில் உருகத் தொடங்கும். அடுப்பில் உச்ச வெப்பம் 235–245 டிகிரி, உருகுநிலைக்கு மேல் 45–90 வினாடி போதும். அடுப்புத் திரையின் எண்ணை நம்பாமல், மிகப் பெரிய பாகத்தின் காலருகே தெர்மோகப்புள் (வெப்பம் அளக்கும் கம்பி) ஒட்டி அளந்து பாருங்கள்.

பல போர்டுகள் சேர்ந்த பேனலைப் பிரிக்கக் கையால் ஒடிக்காதீர்கள். ஓரத்துச் செராமிக் கெபாசிட்டரில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். சோதனையில் தேறிவிட்டு, மாதங்கள் கழித்து ஷார்ட் ஆகும்.